ஒன்பதாம் வகுப்பு மகள் ஹாக்கிதான் என்கிறாள்: தாமதமாகிவிட்டதா?

தக்கலைத் தகப்பன்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளி அணியில் ஹாக்கி ஆடத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது; அதற்குள் இந்திய மகளிர் அணியின் முன்னாள் தலைவி ராணி ராம்பாலைப் போல இந்தியாவுக்காக ஆடப்போவதாகச் சொல்கிறாள். ராணி 2008இல், 14ஆம் வயதுக்குள், இந்திய அணிக்கு வந்துவிட்டார் என்று படித்ததும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பத்தாம் வகுப்புத் தேர்வும் நெருங்குகிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கருங்கல் பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
ஐயா, 2010 உலகக் கோப்பையில் 15 வயதில் 7 கோல் அடித்தவரை அளவுகோலாக வைத்தால், எந்தப் பிள்ளையும் தாமதம்தான். அவருடைய தந்தை வண்டி இழுத்துப் பிழைத்தவர் என்பதை எல்லோரும் சொல்வார்கள்; ஆனால் அவர் பிறந்த ஹரியானாவின் ஷாஹாபாத், பல்தேவ் சிங் என்ற பயிற்சியாளரால் பெண்கள் ஹாக்கிக்கே பெயர்பெற்ற ஊர் என்பதை மறந்துவிடுகிறோம். நம் கடற்கரை ஊர்களில் கால்பந்துக்குக் கூடும் கூட்டத்தில் கால்வாசிகூட ஹாக்கிக்கு வருவதில்லை.

வயதைவிடத் தரைதான் எனக்குக் கவலை. மண் தரையில் பந்து துள்ளும். தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் அது வழுக்கிக்கொண்டு வேகமாக வரும் என்பதால், குனிந்து மட்டையைத் தாழ்த்தி முதல் தொடுதலிலேயே பந்தை அடக்கப் பழக வேண்டும். மண்ணிலேயே வளர்ந்த பிள்ளை தேர்வுப் போட்டியில் தடுமாறுவது இதனால்தான். கோவில்பட்டியில் செயற்கைத் தரை இருக்கிறது. விடுமுறையில் அழைத்துச் சென்று ஆடவிட்டுப் பாருங்கள். தங்கிப் படித்துப் பயிற்சி பெறும் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வைப் பற்றி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

முன்னாள் லெஃப்ட் ஹாஃப், நாகர்கோவில்:
மாஸ்டர் சொன்னது சரி. ஆனால் சீக்கிரம் தொடங்குவதைவிட நீண்ட காலம் ஆடுவதுதான் பெரிது என்பதற்கு, நான் இந்திய வீராங்கனை வந்தனா கட்டாரியாவைத்தான் காட்டுவேன், அண்ணா. டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்த அவர், 320 ஆட்டங்கள் ஆடி 2025இல்தான் விடைபெற்றார். டோக்கியோவில் அணியை நான்காம் இடத்துக்கு நடத்திச் சென்ற ராணியோ, காயத்துக்குப் பின் 2022 உலகக் கோப்பை அணியில் இடம் பெறவில்லை. 254 ஆட்டங்களோடு 29 வயதில் ஓய்வு அறிவித்தார். தலைவிக்கே இதுதான் நிலை என்பதால், படிப்பை விட்டுவிட வேண்டாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் ஆள் எடுக்கிறது. இரண்டுக்குமே கல்வித் தகுதி கேட்பார்கள்.

தக்கலைத் தகப்பன்:
இருவருக்கும் நன்றி. அரையாண்டு விடுமுறையில் கோவில்பட்டிக்குப் போகிறோம். மண் தரைக்கு வாங்கிய ஷூவே போதுமா, மாஸ்டர்?

கருங்கல் பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
இரும்பு ஆணி வைத்ததைக் கொண்டுபோனால் உள்ளே விடமாட்டார்கள். சிறு ரப்பர் குமிழ்கள் உள்ளதை வாங்குங்கள்.