அட்டையில் இருந்த சின்ன எண்: பாக்கின்சனும் வயிற்றுப் பிரட்டலும்

கொட்டாஞ்சேனைக் கணக்கர்

எனக்கு 66 வயது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 31 வருடம் கணக்கு எழுதினேன். 2019ல் பாக்கின்சன் என்ற மூளை நரம்பு நோய் என்று சொன்னார்கள். கை நடுக்கத்தைப் பற்றி விசாரிக்காத ஆளில்லை. யாரும் விசாரிக்காத ஒன்றைப் பற்றி எழுதத்தான் வந்தேன்: வயிற்றுப் பிரட்டல்.

சத்தி வந்தால்கூடப் பரவாயில்லை, எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்துப் படுத்துவிடலாம். இது வரவும் வராது, போகவும் போகாது. தொண்டைக்குழிக்குக் கீழே யாரோ கையை வைத்து அமத்திக்கொண்டிருப்பது போல நாள் முழுக்க இருக்கும். சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே ஓங்காளம்.

முதல்முதல் குளிசை தொடங்கியபோது இரண்டு மூன்று கிழமை பிரட்டியது. பழகிவிடும் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். பழகிவிட்டது, நானும் மறந்தே போனேன். 2022 ஆடி மாதம் திரும்ப வந்தது.

அந்தப் பொருளாதார நெருக்கடி நாட்களில் கொழும்பு எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காஸ் கிடையாது. மனைவி பல்கனியில் கல் வைத்து விறகில் சமைத்தாள். "உங்களுக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை" என்றாள். முதலில் கருவாடு பொரிப்பதை நிறுத்தினாள், பிறகு தாளிப்பதையும். பக்கத்து வீட்டு அக்காவிடமும் போய் மெல்லச் சொல்லி வைத்தாள். ஒரு மாதம் வீட்டில் வெறும் சோறும் பருப்பும்தான். எனக்கோ மணம் என்று ஒன்று தெரிந்தே ஏழெட்டு வருடமாகிறது. இந்த நோய்க்காரர் பலருக்கு நடுக்கம் தொடங்குவதற்கு வருடக்கணக்கில் முன்பே மூக்கு போய்விடுமாம், அது அப்போது எனக்குத் தெரியாது. மூலையில் பலாப்பழம் பழுத்து வீடே மணத்துக் கிடக்க, "இது இன்னும் காய்தானே" என்று நான் கேட்ட கதையைப் பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். மணமே தெரியாதவனுக்காகக் கருவாட்டை நிறுத்திய வீடு எங்களுடையது.

அடுத்து காஸ்ட்ரிக் என்றார்கள். வெறும் வயிற்றில் ஒரு குளிசை, அதற்கு மேல் ஒரு வெள்ளைப் பாணி. ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் தெரிந்த தொழிலையே செய்தேன். ஒரு சிஆர் கொப்பி எடுத்து நாலு பத்தி கீறினேன். குளிசை போட்ட நேரம், சாப்பிட்டது என்ன, பிரட்டல் எத்தனை (பூச்சியத்திலிருந்து ஐந்து வரை), கைகால் இறுக்கம். என் கையெழுத்து இப்போது எறும்பு ஊர்ந்தது மாதிரி. அதனால் எண்கள் மட்டும். 12 நாள் எழுதிப் பார்த்தால் சாப்பாட்டுக்கும் பிரட்டலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. குளிசைக்கும் அதற்கும்தான் தொடர்பு. போட்டு அரை மணியில் நாலு, ஒன்றரை மணியில் இரண்டு, அப்படியே தேய்ந்து அடுத்த குளிசையோடு மறுபடி ஏறும். கூட்டல் கழித்தல் தெரிந்த சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

கிளினிக்கில் கொப்பியைக் காட்டினேன். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, "குளிசை அட்டை கையில் இருக்கிறதா?" என்று கேட்டார். மனைவியின் கைப்பையில் ரப்பர் போட்டுக் கட்டி இருந்தது. திருப்பிப் பார்த்தார். லெவோடோபா 100, கார்பிடோபா 10. "முதலில் நான் எழுதியது 25 அல்லவா?" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. மருந்துத் தட்டுப்பாட்டு நேரம், வழமையான அட்டை இல்லையென்று பாமசியில் வேறொன்றைத் தந்தார்கள். "இதுவும் அதேதான் ஐயா." நானும் 100 என்ற பெரிய எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன். 15 ரூபாய் இடிக்கிறது என்று இரவு எட்டு மணிவரை கடையில் உட்கார்ந்து தேடியவன், 15 மில்லிகிராம் குறைந்ததை ஐந்து மாதம் பார்க்கவில்லை.

டொக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். லெவோடோபா மூளைக்குள் போய்த்தான் டோபமினாக, அதாவது இந்த நோயில் மூளையில் குறைந்துபோகிற பொருளாக, மாற வேண்டும். வழியில் இரத்தத்திலேயே மாறிவிட்டால் அது மூளைக்குள் நுழையாது. ஆனால் சத்தியைத் தூண்டும் இடம் மூளையின் காவல் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அங்கே போய் மணியடிக்கும். வழியில் மாறாமல் பிடித்து வைப்பதுதான் கார்பிடோபாவின் வேலை. அதற்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராமாவது உடம்பில் சேர வேண்டுமாம். நான் மூன்று வேளை போட்டேன்: மூன்று பத்து முப்பது. முன்பு மூன்று இருபத்தைந்து எழுபத்தைந்து. கணக்கு அவ்வளவுதான். இந்தக் கூட்டு மருந்து முதலில் வந்தபோது வைத்த 'சினமெட்' என்ற பெயருக்கே 'வாந்தி இல்லாமல்' என்றுதான் பொருளாம். பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பழைய அட்டைக்கு மாறிப் பத்து நாளில் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சக் கால்வாசி இருக்கிறது. அதற்குத்தான் உங்களிடம் கேட்கிறேன். யார் யாருக்கு எப்படி?

வெள்ளவத்தை மகள்

ஐயா, எங்கள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கட்டாயம் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சத்தி நிற்கவில்லை. அவருடைய டொக்டரைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் திறந்திருந்த ஒரு டிஸ்பென்சரிக்கு ஓட்டோவில் கூட்டிப் போனேன். சத்திக்கு ஊசி போட்டார்கள், நின்றது. எனக்குப் பெரிய நிம்மதி. அடுத்த நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினால் அம்மாவின் கை மேலே எழும்பவில்லை. முகம் மெழுகு மாதிரி. நாக்கு புரளவில்லை, "ம்" என்ற சத்தம் மட்டும். பக்கவாதம் வந்துவிட்டது என்று நினைத்து வீடே அழுதது.

ஊசி புரோக்ளோர்பெரசின். சாதாரண ஆட்களுக்குச் சத்திக்கும் தலைச்சுற்றுக்கும் எங்கும் கொடுக்கிற மருந்துதான், நாங்களே வீட்டில் அட்டை வைத்திருந்திருக்கிறோம். ஆனால் அது டோபமினின் வழியை அடைக்கிறது. இருக்கிற கொஞ்சத்தைக் குளிசையால் கூட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கு அதைப் போட்டால் என்ன ஆகும் என்று பிறகுதான் நரம்பு டொக்டர் விளங்கப்படுத்தினார். மெட்டோக்ளோபிரமைடும் அப்படித்தான். தலைச்சுற்றுக்கு நாம் கேட்காமலே பாமசியில் தருகிற சின்னரிசினும் நல்லதில்லை. அம்மா பழையபடி கோப்பை பிடிக்கக் கிட்டத்தட்ட ஒரு கிழமை ஆனது.

இப்போது கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும்: இவருக்கு பாக்கின்சன், இந்த மூன்று மருந்தும் கொடுக்க வேண்டாம். ஊசி போட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் "என்ன நோய், என்ன குளிசை?" என்று அவர் கேட்டபோது நான் "பிரஷர்" என்று மட்டும்தான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு அதுதான் நினைவில் வந்தது.

மட்டக்குளி

எனக்கு நாலு வருடமாக இந்த நோய். வெட்கமில்லாமல் ஒன்று சொல்கிறேன். இரண்டு நாள் வெளிக்குப் போகாவிட்டால் மூன்றாம் நாள் காலையிலிருந்தே பிரட்டும். போய்விட்டால் பிரட்டல் பாதி குறையும். பாக்கின்சன் குடலையும் இரைப்பையையும் மந்தமாக்கும் என்று டொக்டர் சொன்னார். மத்தியானம் சாப்பிட்ட சோறு நாலு மணிக்கும் நெஞ்சுக்குக் கீழே நிற்கிறது என்று நான் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை, அவர்தான் நம்பினார்.

ஒரு கோப்பை சோற்றைப் பாதியாக்கி, மிச்சப் பாதியை மூன்றரைக்குச் சாப்பிடுகிறேன். எண்ணெய்ச் சாமான் நேரமெடுத்துத்தான் இறங்கும், அதைக் குறைத்துவிட்டேன். சாப்பிட்டவுடன் சரிவதில்லை. பப்பாசி, தண்ணீர், பின்னேரம் கொஞ்ச நடை. பஸ்ஸில் போனால் முன் சீட், மடியில் ஒரு சொப்பிங் பை. பை இருந்தால் வராது, மறந்த நாளில்தான் வரும். அதற்கு எந்த டொக்டரிடமும் விளக்கமில்லை.

தெஹிவளை மகன்

அப்பாவின் கதை கொஞ்சம் வேறு. உறவுக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தில் பூனைக்காலி விதைப்பொடி வாங்கித் தந்தார். சிங்களத்தில் வந்துருமே என்பார்கள். "இயற்கையானது, பக்கவிளைவே இல்லை." அப்பா காலையும் மாலையும் பாலில் கலந்து குடித்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஓங்காளம் தொடங்கியது. அது மட்டுமில்லை, தோளும் கழுத்தும் தன்பாட்டில் நெளிந்தாடின.

நான் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி இல்லை. அந்த விதையில் உண்மையாகவே மருந்து இருக்கிறது, அதுதான் பிரச்சினை. லெவோடோபாவை அதிலிருந்து இந்திய ஆய்வாளர்கள் 1937லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அதாவது அப்பா ஆஸ்பத்திரிக் குளிசைக்கு மேல் அதே மருந்தை இன்னொரு பெயரில், அளவு தெரியாமல், கரண்டியால் போட்டுக்கொண்டிருந்தார். வழியில் மாறாமல் பிடித்து வைக்கும் என்று கணக்கர் ஐயா சொன்ன அந்தக் கார்பிடோபா பொடியில் இல்லை. பிரட்டாமல் என்ன செய்யும்?

டப்பாவைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினோம். திட்டுவார் என்று அப்பா பயந்தார். அவர் திட்டவில்லை, "இனி எது குடித்தாலும் எனக்கும் ஒரு வாய் சொல்லுங்கள்" என்றார். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. இப்போது இஞ்சித் தேத்தண்ணி குடித்தால்கூட டொக்டரிடம் சொல்கிறார்.

பம்பலப்பிட்டி

கணவருக்கு டொம்பெரிடோன் எழுதியிருக்கிறார்கள். அதுவும் சத்திக் குளிசைதானே, வெள்ளவத்தைத் தங்கச்சி சொன்னதை வாசித்த பிறகு பயமாக இருக்கிறது. நிறுத்தவா?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்

நீங்களாக நிறுத்த வேண்டாம், தங்கச்சி. எனக்கும் அதைத் தந்திருக்கிறார்கள், இதே கேள்வியைக் கேட்டேன். டொம்பெரிடோனும் டோபமினை அடைக்கிற மருந்துதான், ஆனால் அது பெரும்பாலும் மூளைக்குள் நுழையாது. சத்தி மையம் வெளியே இருக்கிறது என்று சொன்னேனே, அங்கே மட்டும் வேலை செய்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் பாக்கின்சன்காரருக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அதன் சிக்கல் வேறு, இதயத் துடிப்பு. வயதானவர்களுக்கும் அளவு கூடினாலும் துடிப்பைக் குழப்பலாம். 2014ல் ஐரோப்பிய மருந்து அதிகாரசபை பொதுவாக ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை, ஒரு கிழமை என்று எல்லை போட்டுவிட்டது. அதற்கு மேல் போகிறதென்றால் டொக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் ஈசிஜி எடுத்தார்கள், பிறகுதான் எழுதினார்கள். உங்கள் கணவருக்கு எடுத்தார்களா என்று கேளுங்கள். இதய வருத்தம் ஏதாவது இருந்தால் அதையும், வேறு அன்டிபயோட்டிக் தரும்போது இந்தக் குளிசையின் பெயரையும் கட்டாயம் சொல்லுங்கள். சில அன்டிபயோட்டிக்குகளோடு அது சேரக்கூடாது.

நான் இப்போது அதைத் தினமும் போடுவதில்லை. குளிசையை வெறும் வயிற்றில் போடாமல் இரண்டு கிறீம் கிராக்கரோடு போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சாப்பாட்டோடு போட்டால் மருந்து மெதுவாகத்தான் ஏறும், புரதம் அதைத் தடுக்கும் என்று முன்பு சொல்லியிருந்தார்களே என்று கேட்டேன். பிஸ்கட்டில் புரதம் பெரிதாக இல்லை, பரவாயில்லை என்றார்கள். நான் செய்த பிழை, பிஸ்கட்டைப் பால் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டது. இப்போது பிளேன்டீ, உள்ளே தட்டிப்போட்ட ஒரு துண்டு இஞ்சி. இஞ்சி மருந்தா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை, கொப்பியில் ஒன்று குறைகிறது, அது போதும்.

மட்டக்குளித் தங்கச்சி, உங்கள் அரைக் கோப்பைச் சோற்று விஷயத்தை நேற்றிலிருந்து பிடித்துக்கொண்டேன். மனைவிக்குத்தான் கோபம், ஒரு மத்தியானத்துக்கு இரண்டு முறை தட்டுக் கழுவ வேண்டியிருக்கிறதாம். அதனால் இரண்டாவது தட்டை நானே கழுவுகிறேன். கை நடுங்குகிறவனுக்கு நல்ல வேலை, தேய்க்கத் தேவையில்லை, பிடித்துக்கொண்டிருந்தாலே போதும்.

இன்றைய பக்கம்: காலை 6.10 குளிசை, 6.45 பிரட்டல் ஒன்று, 7.30 பூச்சியம். மத்தியானம் 12.00 குளிசை, 12.40 பூச்சியம், 1.15 அரைக் கோப்பை சோறு, கீரை, பொரித்த கருவாடு இரண்டு துண்டு.