தங்க நானோ துகள் எலியைக் குணப்படுத்துகிறது, ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி):
தங்க நானோ துகள் புற்றுநோய்க் கட்டியைச் சுட்டு அழிக்கும் என்று படிக்கிறோம், எலியில் கட்டி கரைந்த படமும் கட்டுரைக்குக் கட்டுரை வருகிறது. அப்படியென்றால் நோயாளிகளுக்கு ஏன் இன்னும் பரவலாகக் கொடுப்பதில்லை? பணமா, இல்லை துகளிலேயே கோளாறா? இதில்தான் பி.எச்.டி. சேர நினைக்கிறேன், உள்ளதைச் சொல்லுங்கள்.

பதில் 1:
பணத்துக்கு முன்னால் கல்லீரல் இருக்கிறது. ரத்தத்தில் இறங்கிய உடனே துகள் மேல் புரதங்கள் வந்து அப்பிக்கொள்ளும், அப்புறம் கல்லீரலின் குஃப்பர் செல்களும் மண்ணீரலும் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து விழுங்கிவிடும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரை மேலே பூசினால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். டொரன்டோவில் வாரன் சான் என்ற ஆய்வாளரின் குழு பத்தாண்டுக் கட்டுரைகளைத் திரட்டி 2016-ல் கணக்குப் போட்டது: ஊசியில் போன அளவில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலை அளவாக, 0.7 சதவீதம். அதுவும் விலங்குகளில்!

பதில் 2 (எம்.ஆர்.ஐ. பிரிவில் வேலை):
கல்லீரல் விழுங்குவதையே பயன்படுத்திய மருந்தும் உண்டு. ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு துகளுக்கு 1996-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல கல்லீரல் துகளை உள்ளே இழுத்து ஸ்கேனில் கறுத்துப்போகும். குஃப்பர் செல் இல்லாத கட்டி மட்டும் வெளுப்பாகத் துருத்திக்கொண்டு தெரியும். அது பிறகு சந்தையிலிருந்து போய்விட்டது. 2009-ல் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு வந்த ஃபெருமாக்ஸிட்டால் இன்னும் இருக்கிறது, ஸ்கேனுக்கு வழக்கமாக ஏற்றும் கடோலினியம் மருந்தைக் கொடுக்க முடியாதவர்களுக்கு ரத்தக்குழாய் படமெடுக்கச் சில இடங்களில் அதைப் போடுகிறார்கள். ஆனால் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் 2015-ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

பதில் 3:
தங்கம் மனிதர்களிடமே வரவில்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸும் ஜெனிஃபர் வெஸ்ட்டும் உருவாக்கிய துகள், உள்ளே சிலிக்கா மேலே தங்கத் தோல், சுமார் 150 நானோமீட்டர். 2019-ல் வெளியான சோதனையில் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 16 பேருக்கு அதை ரத்தத்தில் ஏற்றி, மறுநாள் லேசர் இழையைப் புராஸ்டேட்டுக்குள்ளேயே செருகி, அதன் ஒளியால் துகளைச் சூடாக்கினார்கள். 15 பேருக்குச் சிகிச்சையை முடிக்க முடிந்தது. ஏன் உள்ளே செருக வேண்டும்? அந்த லேசரின் அகச்சிவப்பு ஒளி தோலுக்கு வெளியிலிருந்து அவ்வளவு ஆழம் போகாது. எலிக்குத் தோலடியிலேயே கட்டி, அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

என்னைக் கேட்டால் உணரி (சென்சார்) ஆய்வில் சேருங்கள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் விழுகிற சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத் துகள்தான், அங்கே கல்லீரலும் இல்லை மண்ணீரலும் இல்லை.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. எனக்குச் சிகிச்சைப் பக்கம்தான் மனசு போகிறது. லேபில் சிவப்புத் தங்கக் கரைசலில் உப்புத் தண்ணீர் விட்டதும் துகள்கள் ஒட்டி நீலமாவதைப் பார்த்திருக்கிறேன், ரத்தத்திலும் உப்பு இருக்கிறதே. சேரும் முன் வழிகாட்டியிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில் 1:
சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் நீர்ப்பகுதியில்) 24 மணி நேரம் வைத்த பிறகு துகளின் அளவு எவ்வளவு (நீங்கள் பார்த்த மாதிரி ஒட்டிக்கொண்டால் பெருத்திருக்கும்), ஊசி போட்டதில் எத்தனை சதவீதம் கல்லீரலுக்குப் போனது. இந்த இரண்டுக்கும் எண் இல்லாத லேபில் சேராதீர்கள்.