புதுப்பிப்பு: லேப்டாப்பில் வைஃபை திரும்பி வந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, லினக்ஸை அப்டேட் செய்த மறுநாள் லேப்டாப்பில் வைஃபை என்ற பகுதியே காணோம், போனில் மட்டும் நன்றாக வருகிறது என்று. இப்போது சரியாகிவிட்டது.

வழி காட்டியது வில்லியனூர் அண்ணன் சொன்ன யோசனை. லேப்டாப் எழும்போது எதில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவில், அப்டேட்டுக்கு முந்தைய பழைய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்தெடுத்தேன், வைஃபை உடனே வந்தது. அப்படியென்றால் ரவுட்டரிலும் கோளாறு இல்லை, லேப்டாப்பின் வைஃபை கார்டும் கெடவில்லை. புது கெர்னலில், உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ -கே' கட்டளையைக் கொடுத்தால் கார்டின் பெயர் வருகிறது, அதற்குக் கீழே எந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது என்ற வரி மட்டும் இல்லை.

என் கார்டின் டிரைவர் கெர்னலோடு வருவதில்லை. டிகேஎம்எஸ் என்ற கருவிதான் ஒவ்வொரு புது கெர்னலுக்கும் ஏற்றபடி அதைப் புதிதாகக் கம்பைல் செய்யும், அதாவது மூல நிரலிலிருந்து உருவாக்கும். அதற்கு அந்தக் கெர்னலின் உள் விவரங்களைச் சொல்லும் ஹெடர் ஃபைல்கள் வேண்டும். என்னிடம் பழையதன் ஹெடர்கள்தான் இருந்தன. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்ததும் புது கெர்னலின் எண்ணே அதில் இல்லை.

போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு (போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்து), புது கெர்னலின் ஹெடர்களை இறக்கினேன். டிரைவரைக் கம்பைல் செய்ய 'சுடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்', அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். அவ்வளவுதான். ஒரு பதிப்பின் ஹெடரை மட்டும் போடாமல், கெர்னலோடு சேர்ந்தே அப்டேட் ஆகும் ஹெடர் பேக்கேஜைப் போடுங்கள். நான் தவறவிட்டது அதைத்தான்.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்தில் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் லேப்டாப் என்றால் டிரைவருக்குக் கையொப்பச் சாவி பதிய வேண்டியிருக்கும். எனக்கு அது அணைந்திருந்தது.

பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.