பைபாஸுக்குப் பிறகு பச்சிளங்குழந்தை ஊதிப்போவது ஏன்? ஸ்டீராய்டு அவசியமா?

கேள்வி (ஐசியூ செவிலியர்):
வணக்கம். 3, 4 கிலோ குழந்தைகள் இதய ஆபரேஷனில் ஹார்ட்-லங் மெஷினிலிருந்து (பைபாஸ்) வந்ததும் இமை திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கிவிடுகிறது. பெரிய பிள்ளைகளுக்கு இவ்வளவு வருவதில்லை. என்ன காரணம்? ப்ரைமில் (மெஷினை முன்கூட்டியே நிரப்பும் திரவம்) மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்ப்பதால் பலன் உண்டா? இரண்டாம் நாள் காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) ஏறினால் கிருமித்தொற்று என்றே எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1 (பெர்ஃப்யூஷனிஸ்ட், ஹார்ட்-லங் மெஷினை இயக்குபவர்):
சிஸ்டர், கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 85 மி.லி. என்றால் 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே 255 மி.லி.தான். சர்க்யூட்டை (மெஷினின் ட்யூபும் பாகங்களும்) நிரப்ப இன்னொரு 250 மி.லி. போனால் பாதிக்குப் பாதி வெளியிலிருந்து வந்தது. ரத்தம் பிளாஸ்டிக்கில் பட்டதுமே காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்கள் தூண்டப்படும், வெள்ளணுக்கள் விழித்துக்கொள்ளும், தந்துகிச் சுவர் கசியத் தொடங்கும். கடைசியில் ஹெப்பாரினை (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) முறிக்கக் கொடுக்கும் புரோட்டமினும் காம்ப்ளிமென்ட்டை மறுபடி கிளப்பிவிடும்.

அதனால் ட்யூபைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம். கால் அங்குல ட்யூப் ஒரு மீட்டருக்கு 32 மி.லி. பிடிக்கும், 3/16 அங்குலம் 18 மி.லி.தான். பம்ப்பை மேசைக்கு ஒட்டி நகர்த்தினால் நீளமும் குறையும்.

அடுத்து மஃப், அதாவது ரத்தத்திலிருந்து மிகை நீரை வடிகட்டும் முறை. பைபாஸ் நின்றதும், புரோட்டமினுக்கு முன்பு, அயோர்ட்டாவில் (பெருந்தமனி) செருகிய கேனுலா குழாயிலிருந்து ரத்தத்தை எடுத்து ஃபில்டர் வழியாக இதயத்தின் வலது மேலறைக்கு அனுப்புகிறோம். நிமிடத்துக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி., பத்துப் பதினைந்து நிமிடம். தேங்கிய நீர் இறங்கி ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தை ஃபில்டர் இழுத்துக்கொள்ளும், கேனுலா ஓரமாகக் காற்றும் நுழையலாம். லைனைச் சூடாக வைக்காவிட்டால் குழந்தை குளிர்ந்துபோகும்.

பதில் 2 (குழந்தைகள் இதய ஐசியூ மருத்துவர்):
ஸ்டீராய்டு பற்றி: 2022-ல் வெளிவந்த ஸ்ட்ரெஸ் என்ற பெயருள்ள ஆய்வில், அமெரிக்காவில் ஒரு வயதுக்குட்பட்ட 1,200 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ப்ரைமில் கிலோவுக்கு 30 மி.கி. மெத்தில்பிரெட்னிசலோன் கொடுத்தார்கள். பலன் உறுதிப்படவில்லை. ஆனால் இன்சுலின் போடும் அளவுக்குச் சர்க்கரை ஏறியது 19 சதவீதம் பேருக்கு. மற்ற பாதியில் 6.7 சதவீதம்தான். எல்லாருக்கும் வழக்கமாகப் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சி.ஆர்.பி. எந்தப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும் ஏறும். இரண்டு மூன்று நாளில் உச்சம் தொடும். அதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக்கை மாற்றாதீர்கள். இறங்கிய பிறகு மறுபடி ஏறினால்தான் சந்தேகம் வலுக்கும். அப்போது பிளட் கல்ச்சர் எடுத்து, சென்ட்ரல் லைன் நுழையுமிடம், தையல், மூச்சு டியூபில் வரும் சளி மூன்றையும் பாருங்கள்.

முதல் இரவுதான் எனக்குக் கவலை. ஆறிலிருந்து பதினெட்டு மணி நேரத்துக்குள் இதயத்தின் வீச்சு குறையும். கால் பெருவிரல் சில்லிடுவது, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் அமிலம்) ஏறுவது, சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு ஒரு மி.லி.க்குக் கீழே போவது: எது தெரிந்தாலும் உடனே கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி டாக்டர். நெஞ்சை மூடாமல் அனுப்பும் குழந்தைக்கும் இதே காரணம்தானா?

பதில் 2:
பெரும்பாலும் ஆம். வீங்கிய இதயத்தின் மேல் எலும்பை இழுத்து மூடினால் பிரஷர் விழுந்துவிடும். வயிற்றுக்குள் வைத்த பெரிட்டோனியல் கெத்தீட்டர் குழாயைத் திறந்துவிட்டு வயிற்று நீரை வடியவிட்டு, சிறுநீரைக் கூட்டும் ஃப்ரூஸமைடும் கொடுத்து, வீக்கம் வற்றியதும் மூடுவார்கள். மூடிய முதல் ஒரு மணி நேரம் பிரஷரையும் சி.வி.பி.யையும் (மத்திய சிரை அழுத்தம்) விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.