சுவரில் ஒட்டிய படம் வேலை வாங்கித் தருமா?

பனியன்சட்டை (திருப்பூர்):
வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். குரூப் 4 இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் கட்-ஆஃபுக்குக் கீழே நின்றுவிட்டேன். நடுவில் கோவையில் ஒரு நாள் வகுப்புக்கு 3,500 ரூபாய் கட்டிப் போனேன். வேலை கிடைத்துவிட்டதாகவே மனதில் படம் ஓட்ட வேண்டும், அந்த நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியே உணர வேண்டும் என்றார்கள். தாலுகா ஆபீஸ் படத்தைச் சுவரில் ஒட்டி தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிஷமும் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதுக்கு வீடு வந்தால் புத்தகத்தைத் தொடத் தோன்றுவதில்லை. இதைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை (ஈரோடு):
விட்டுவிடுங்கள் தம்பி. சுகமாக இருக்கிறது என்றீர்களே, கோளாறே அங்கேதான். காப்ரியேலே ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் உடல் எடை குறைக்க வந்த பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 1991-ல் வெளியிட்டார். இளைத்துவிட்ட மாதிரி இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்கள், அப்படிக் காணாதவர்களைவிட ஒரு வருஷத்தில் ஏறத்தாழ 11 கிலோ குறைவாகத்தான் இளைத்திருந்தார்கள். கனவிலேயே விருந்து சாப்பிட்டவனுக்கு எழுந்து உலை வைக்கத் தோன்றாது.

ரெய்டர் (கோபி):
அண்ணா, பாதிக் கதையை மட்டும் சொல்லாதீர்கள். அதே ஆய்வில், தன்னால் இளைக்க முடியும் என்று நம்பிக்கையோடு இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் இளைத்தார்கள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நான் பத்து வருஷம் ஊர் டீமில் கபடி ஆடியவன். மேட்ச்சுக்கு முந்தின இரவு கோப்பையை நினைத்ததே இல்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போகிறேன், லெப்ட் கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறான், நான் எந்தப் பக்கம் திரும்பி நடுக்கோட்டைத் தொடுகிறேன் என்று இருபது தடவை மனதில் ஓட்டுவேன். மறுநாள் அவன் பிடிக்கும்போது உடம்பு தானாகத் திரும்பும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை போட்டியில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து சுவரே தெரியவில்லை. கைவீச்சை எண்ணிக்கொண்டே நீந்தி 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து மனதில் ஓட்டிப் பழகியவர் அவர்.

கணக்குப்பிள்ளை:
சரி, அந்தப் பாதியை விட்டது என் தப்பு. ஆனால் நம்பிக்கை வேறு, கனவு வேறு. முன்பு செய்து பார்த்த அனுபவத்தில் வருவது நம்பிக்கை. தம்பிக்கு 3,500 ரூபாய்க்கு விற்றது கனவை. நீங்கள் சொல்வது கணுக்கால் பிடி, தம்பி பார்ப்பது நாற்காலி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துப் பேசினால் எப்படி?

மஞ்சக்காடு (சிவகிரி):
கண்ணைத் திறந்துகொண்டு வேலை பார்க்கிறவன் நான், எனக்கு இந்தப் பேச்சே வேடிக்கையாக இருக்கிறது. மஞ்சள் நட்டால் ஒன்பது மாசம். நடுவில் குவிண்டால் விலை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. விலையை மனதில் படம் பிடித்து என்ன ஆகப்போகிறது? ஐப்பசி மழைக்கு முன் வடிகால் வெட்டுவேன். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். அவ்வளவுதான்.

ரெய்டர்:
மழை வருவதற்கு முன்பே அழுகிய கிழங்கு உங்கள் கண்ணில் தெரிகிறது, அதனால்தானே மம்பட்டியை எடுக்கிறீர்கள்? நாங்கள் சொல்வதும் அதைத்தான் மாமா!

மஞ்சக்காடு:
எனக்குத் தெரிவது மனப்படம் இல்லை மாப்ள. ஒரு வருஷம் அரை ஏக்கர் அழுகிப்போனதைக் கையால் தோண்டிப் பார்த்தேன், அந்த நாற்றம். ஹாலில் ஏசி போட்டு உட்கார்ந்தால் அது வருமா? இன்னொன்று. ஃபெல்ப்ஸ் நீந்திய குளம் என்றைக்கும் 50 மீட்டர், எண்ணலாம். தம்பிக்கு இன்றைக்கு ஒன்றரையா ஒரு ஷிப்டா என்பது சாயங்காலம் சூப்பர்வைசர் வாயைத் திறந்தால்தான் தெரியும். அதை எப்படி எண்ணுவது?

ஓவர்லாக் அக்கா (அவிநாசி):
நான் ஒருத்தி இதே லைனில் பதினெட்டு வருஷம். மாமா சொல்வது பாதிதான் சரி. என்றைக்கு ஒன்றரை என்று தெரியாது, ஆனால் ஷிப்மென்ட் நெருங்கினால் வாரத்தில் நாலு நாள் ஒன்றரைதான் என்று தெரியுமே! அப்புறம் அதைத் தடங்கல் என்று ஏன் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். மகள் பி.காம் தனித்தேர்வாக எழுதியபோது அவளுக்கு நான் சொன்னது, களைப்பாக வரும் நாளை நினைத்துப் பார், அன்றைக்கு எந்தப் பக்கத்தைத் திறப்பாய் என்று முதலிலேயே முடிவு பண்ணு. பட்டம் வாங்குவதை நினைக்கச் சொல்லவே இல்லை. (போட்டோவுக்கு நான்தான் ஆசைப்பட்டேன், அது வேறு.)

கணக்குப்பிள்ளை:
அக்கா சொல்வதற்கு ஆய்வே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்தது, 1999-ல் வெளிவந்தது. நல்ல மார்க் வாங்கிவிட்டதாக நினைத்துப் பார்த்தவர்களைவிட, எங்கே உட்கார்ந்து எப்படிப் படிக்கப் போகிறோம் என்று நினைத்துப் பார்த்தவர்கள் அதிக நேரம் படித்தார்கள், மார்க்கும் அதிகம். தினமும் ஐந்து நிமிஷம்தான் நினைத்தார்கள்.

ரெய்டர்:
அப்படியென்றால் மனப்படம் வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். முதல் வரியில் ‘விட்டுவிடுங்கள்’ என்றீர்களே அண்ணா?

கணக்குப்பிள்ளை:
நாற்காலியை விடச் சொன்னேன். இன்னும் அதையேதான் சொல்கிறேன்.

ரெய்டர்:
நான் அதையும் விடச் சொல்ல மாட்டேன். தோற்று வந்த இரவில் கோப்பை ஞாபகம்தான் மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுப்பும்.

பனியன்சட்டை:
எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று அக்கா சொன்ன மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். பஸ் இறங்குகிறேன், கால் வலிக்கிறது, அம்மா சோறு போடுகிறார், போன் கையில் இருக்கிறது. படம் அங்கேயே நின்றுவிட்டது. போனைத்தான் எடுப்பேன் என்று தெளிவாகத் தெரிந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. 200 கேள்வியில் 25 கணக்கு. ஒன்றரை ஷிப்ட் என்று சொல்லிவிட்டால் சாயங்கால டீ நேரத்திலேயே ஐந்து கணக்கு, இரவில் எதுவும் கிடையாது. ஒரு ஷிப்ட் என்றால் வீட்டில் பொதுத்தமிழ். இப்படி ஒரு மாசம் போட்டுப் பார்க்கிறேன்.

மஞ்சக்காடு:
டீ நேரத்தில் ஐந்து வராது. மூன்று போடு.

ஓவர்லாக் அக்கா:
மூன்றே அதிகம், டீ வாங்க வரிசை இருக்கும். சுவரில் இருந்த தாலுகா ஆபீஸ் என்ன ஆச்சு தம்பி?

பனியன்சட்டை:
அதே ஆணியில் அம்மா தினசரி காலண்டரை மாட்டிவிட்டார்கள் அக்கா. ஒன்றரை ஷிப்ட் நாளையெல்லாம் இனி அதில்தான் வட்டம் போடுவேன். ஆபீஸ் பின்னால் இருக்கிறது, தாளைக் கிழிக்கும்போது ஓரம் கொஞ்சம் தெரிகிறது.