மன்னித்த பிறகு வருகிற சோதனை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டீச்சரம்மா, திருநெல்வேலி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மன்னிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நிறையப் பேர் சாட்சி சொல்லியாயிற்று. மன்னித்துவிட்ட மறுநாள் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

எங்களுக்கும் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பத்துக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு. கோர்ட்டு வரைக்கும் போய், கடைசியில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். எங்கள் சபை சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அதன் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. 1950-ல் உண்டாக்கின ஒழுங்கிலேயே இருக்கிறது. குருவானவரிடமிருந்து தொடங்கி பெஞ்சு பெஞ்சாக வரும். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, இடது கையால் மேலே மூடி வாங்கி, அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மூத்த ஓரகத்தி. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தவர், முறை வந்ததும் அதை அவிழ்த்துவிட்டுக் கையை நீட்டினார். கை வேர்த்து ஈரமாக இருந்தது. எனக்கும்தான்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த வாரமே பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். ஜெபக்குறிப்பு கேட்டார்கள். "எங்க குடும்பத்துல ஒரு ஆத்துமா மனந்திரும்பணும், பேரு சொல்ல விரும்பல, ஜெபிச்சிக்கிடுங்க" என்று நாக்கு நுனியில் வந்து நிற்கிறது! பேர் சொல்லாவிட்டால் என்ன, சேகரத்துச் சபைகள் முழுக்கத் தெரியும் யார் என்று. ஜெபக்குறிப்பு என்ற பேரில் நாம் பேசுகிற புறணி கொஞ்சமா? பிசாசானவன் தேவாலயத்து உப்பரிகையில் ஆண்டவரிடமே தொண்ணூற்றோராம் சங்கீதத்தைச் சொல்லித்தானே பார்த்தான், நம்மிடம் வேதப்புத்தகம் இல்லாமலா வருவான். பேத்தியின் பரீட்சைக்கு ஜெபிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கர்த்தருடைய ஜெபத்தில் கடனாளிகளுக்கு மன்னிக்கிறது முடிந்த கையோடு "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று வருகிறதே, அது சும்மா அடுத்தடுத்து வைத்ததல்ல என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கடலோரத்தான், தூத்துக்குடி மாவட்டம்

நாங்க ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். போட்டுல கூட்டு வச்சிருந்தவன் டீசல் கணக்குல ஏமாத்திட்டான். பிரிஞ்சு தனித்தனியா தொழில். சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல "அவன மன்னிச்சிட்டேன் சாமி"ன்னு சொன்னேன். சாமியார் உடனே ஒண்ணும் சொல்லல. "சரி, அவனுக்கு ஒரு கஷ்டம் வந்துச்சுன்னா உன் மனசு எப்படி இருக்கும்?"னு கேட்டாரு. பதில் சொல்லத் தெரியல.

கொஞ்ச நாள்ல அவன் இஞ்சின் நடுக்கடல்ல நின்னுபோச்சு. வயர்லெஸ்ல சத்தம் போடுறான். எங்க போட்டு பசங்க "அண்ணே, மாதா கேட்டுட்டா!"ன்னு சிரிக்கிறானுவ. உள்ளுக்குள்ள எனக்கு எவ்வளவு இனிப்பா இருந்துச்சு தெரியுமா. உன் எதிரி விழும்போது சந்தோஷப்படாதேன்னு நீதிமொழிகள் 24-ல இருக்கறது தெரிஞ்சேதான் இனிச்சுது. கயிறு போட்டு இழுத்துட்டு வந்தோம், கடல்ல அது முறை. ஆனா கயிறு கட்டி முடியிற வரைக்கும் அந்த இனிப்பு போகல. கரைக்கு வந்ததும் டீசல் காச நீட்டினான். எண்ணித்தான் வாங்குனேன்.

பெங்களூரு சகோதரி

டீச்சரம்மா, கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்காதீர்கள். என்னை "மன்னித்துவிடு" என்று சொன்னவர்களில் பாதிப்பேர் சொல்ல வந்தது "அந்த வீட்டுக்கே திரும்பிப் போ" என்பதைத்தான். குடித்துவிட்டு அடிக்கிற புருஷன். போலீசில் எழுதிக் கொடுத்தேன். சபை மூப்பர் ஒருவர், கேஸை வாபஸ் வாங்கினால்தான் மன்னித்ததாக அர்த்தம் என்றார்.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை எல்லாப் பிரசங்கத்திலும் உதாரணம் காட்டுகிறார்கள். 1999 ஜனவரியில் ஒடிசா மனோகர்பூரில் அவர் கணவர் கிரஹாமையும், பத்து வயது பிலிப், ஆறு வயது தீமோத்தேயு என்ற இரண்டு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். அவர் மன்னித்தேன் என்றார், பாரிபடாவில் குஷ்டரோகிகள் இல்லத்தைக் கைவிடாமல் பல வருஷம் நடத்தினார். அதெல்லாம் உண்மை. ஆனால் வழக்கு நிற்கவில்லையே! 2003-ல் முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை, 2005-ல் உயர்நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-ல் உச்சநீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. பிரசங்கத்தில் இந்தப் பாதி வருவதே இல்லை.

எனக்கு வந்த சோதனை வெறுப்பு இல்லை. "நீ திரும்பிப் போனால் உன் சாட்சி எத்தனை பேருக்கு ஆசீர்வாதமாக இருக்கும்" என்றார்கள். அதில் ஒரு ருசி இருந்தது. மேடையில் மைக் பிடித்து நிற்பது போலெல்லாம் மனசு ஓடியது. போகவில்லை. அவர் குடியை விட வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், முழு மனசோடுதான். அடுத்த மாதம் வாய்தா இருக்கிறது.

டீச்சரம்மா

கோபமா, எனக்கா? அந்த மூப்பரை மத்தேயு 18-ஐ மேலேயிருந்து வாசிக்கச் சொல்லம்மா. "ஏழெழுபதுதரமட்டும்" என்பதற்கு முன்னாலேயே, குற்றம் செய்தவனிடம் போய் உணர்த்து, கேட்காவிட்டால் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று இருக்கிறது. வாய்தா அன்றைக்குத் துணைக்கு ஆள் இருக்கிறதா?

நைட் ஷிப்ட், குவைத்

அக்கா எழுதினதுக்குப் பக்கத்துல என்னோடது சின்ன விஷயம். ரூம்ல கூட இருந்தவன் பணம் வாங்கிட்டு மாசக்கணக்கா இழுத்தடிச்சான், அசிங்கமா மெசேஜ் போட்டான். அப்புறம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டுட்டான். நானும் சரின்னு சொல்லிட்டேன். ஆனா அந்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் போன்லயே கிடந்துச்சு. "ஆதாரத்துக்கு இருக்கட்டும்"னு எனக்கு நானே சொல்லிக்குவேன். பணமே வந்தாச்சு, எதுக்கு ஆதாரம்? ராத்திரி வார்டு அடங்கினதும் எடுத்துப் பாப்பேன், கோபம் அன்னைக்கு வந்த மாதிரியே சுடச்சுட வரும். சூரியன் அஸ்தமிக்கிறதுக்கு முன்னாடி எரிச்சல் தணியணும்னு எபேசியர்ல இருக்கு, எனக்கு சூரியன் அஸ்தமிச்சாதான் டூட்டியே ஆரம்பிக்கும்.

ஒருநாள் மொத்தத்தையும் அழிச்சேன். கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டில 60 நாள் இருக்கும்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அதையும் போய் காலி பண்ணினேன். உடனே இல்ல.