முன்னோர் காட்டை அழிக்கவில்லையா?

வேளச்சேரிவாசி:
பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பையாலும் கட்டடங்களாலும் சுருங்கியதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். முன்னோரும் காட்டை அழித்தார்கள், அகழாய்வே அதற்குச் சான்று என்கிறீர்கள். முன்னோர் இயற்கையோடு இயைந்தே வாழ்ந்தனர். அழிவு ஆலைகளோடுதான் வந்தது. அகழாய்வில் கிடைக்கும் பானை ஓடும் மணியும் காடு வெட்டியதற்கு எப்படிச் சான்றாகும்?

பல்லாவரத்தான்:
நண்பரே, அவை மட்டுமா கிடைக்கின்றன? ஈரோடு மாவட்டத்தின் பழைய ஊரான கொடுமணலில் இரும்பு உருக்கிய தடயங்களும் கசடும் கிடைத்துள்ளன. அன்றைய உலைக்கு மரக்கரிதான் எரிபொருள். கரிக்கு மரம் வேண்டும். குழியில் கிடைக்கும் கரித்துண்டை விரலால் ஒடித்து, உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தால், எரிந்த பின்னும் மரத்தின் நீர்க்குழாய்கள் சல்லடைக் கண்களைப் போல அப்படியே தெரியும். அக்கண்களின் அளவையும் வரிசையையும் கொண்டு என்ன மரம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆலைகள்தாம் தொடக்கம் என்கிறீர்கள். ரோமானியர் காலத்தில் வெள்ளிக்காக ஈயத் தாதுவை உருக்கியபோது எழுந்த புகையின் ஈயம் கிரீன்லாந்துப் பனியடுக்குகளில் இன்றும் இருக்கிறது.

வேளச்சேரிவாசி:
கரி, விறகு எரிந்ததைத்தான் காட்டும். காடு அழிந்ததைக் காட்டாது. ஏரியடியில் அடுக்கடுக்காகப் படிந்த மண்ணில் தங்கிய மகரந்தத்தைக் கொண்டு அக்கால மரங்களைக் கணிக்கிறார்கள்; ஆனால் அதில் மரங்களின் மகரந்தம் குறைந்தால் மழை பொய்த்ததும் காரணமாகலாம். ஈஸ்டர் தீவின் பனைகள் கோடரிக்கே இரையாயின என்று நெடுங்காலம் எழுதினார்கள். பிறகு எலி கொறித்த பனங்கொட்டைகள் கிடைத்தன; விதைகளை எலிகள் தின்றதால் புதிய பனைகள் முளைக்காமல் போயிருக்கலாம்.

பல்லாவரத்தான்:
மழையைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயமே. அதனால்தான் மகரந்தத்தை மட்டும் நம்பாமல், அதே அடுக்கில் கரித்துகள் பெருகியதா, பயிர்களின் மகரந்தம் புகுந்ததா, சரிவிலிருந்து மண் அரித்து வந்ததா என்று சேர்த்துப் பார்க்கிறார்கள். எலிகளைப் பொறுத்தவரை, அவற்றையும் அத்தீவுக்குப் படகில் கொண்டுசென்றவர்கள் மனிதர்களே.

வேளச்சேரிவாசி:
அப்படியானால் உத்திரமேரூரை என்ன சொல்வீர்கள்? 10ஆம் நூற்றாண்டிலேயே குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்று கல்வெட்டே சொல்கிறதே.

பல்லாவரத்தான்:
அவ்வூரார் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் ஏரி என்பதே ஓடும் நீரைக் கரை கட்டி மறித்து, நிலத்தின் போக்கையே மாற்றிய வேலை. மாற்றியதை ஆண்டுதோறும் காக்க வேண்டியிருந்ததால்தான் வாரியமே தேவைப்பட்டது. நம் கருத்து வேறுபாட்டைத் தீர்க்கும் சான்று அந்த ஏரிகளின் வண்டலிலேயே கிடைக்கலாம். தூர்வாரும்போது அதைத்தான் லாரி லாரியாக ஏற்றி அனுப்பிவிடுகிறோம். இயந்திரம் இறங்குவதற்கு முன், அடுக்கு கலையாமல் ஒரு குழாய் வண்டலையாவது எடுத்து வைக்கும்படி நாம் இருவரும் சேர்ந்து மனு கொடுக்கலாமா?

வேளச்சேரிவாசி:
என் கருத்து மாறவில்லை, மனுவில் கையெழுத்திடுகிறேன்.